டம்ளருக்குள் ஏறும் தண்ணீர்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்பது வழக்கமான விளக்கம். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜன் முழுதும் தீருமுன்பே சுடர் அணைந்துவிடும். செலவானதற்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. முக்கியக் காரணம் சூடுதான். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி விளிம்பு வழியே குமிழிகளாக வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்கிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

தவறான விளக்கம் இப்படிப் பரவுவதால் வீட்டுச் சோதனைகளே ஆபத்து என்று சிலர் சொல்லக்கூடும். தவறு சோதனையில் இல்லை, ஒரே முறை செய்து காட்டிவிட்டு விளக்கத்தை ஒப்பிக்க வைப்பதில் இருக்கிறது. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை வைத்துப் பாருங்கள். ஆக்சிஜனின் அளவு கூடவில்லை. தண்ணீரோ இன்னும் உயரமாக ஏறுகிறது. பெரும்பாலும் அது ஏறுவதும் சுடர் அணைந்த பிறகுதான். பழைய விளக்கத்தை மாணவரே உடைத்துவிடலாம். துல்லியமாக அளக்க முடியாது என்பது நியாயமான குறைதான், ஆனால் எது கூடியது, எது முந்தியது என்று அறிய ஆய்வகக் கருவி தேவையில்லை. விலை உயர்ந்த கருவியை மாணவர் தொடவே தயங்குவார். டம்ளரைப் பத்து முறை கவிழ்ப்பார்.