பெரிய டயர் போட்ட ஜீப்பும் குறைத்துச் சொல்லும் மீட்டரும்

ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டங்களுக்குள் போய்வரும் வண்டிகளின் சக்கரங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, ஒன்றிரண்டு சைஸ் பெரிதாக, முரட்டுப் பட்டன் வைத்த டயர் போட்டவை கண்ணில் படும். காரணம் புரிகிறது. மழைக்காலச் சேற்றிலும் கல்லிலும் அடி தட்டாமல் ஏற வேண்டும். ஆனால் அதே வண்டிதான் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் பைபாஸில் ஓடுகிறது. "மீட்டரைச் சரி பண்ணீங்களா?" என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "ஒண்ணும் ஆகாதுன்னு டயர் கடையிலயே சொல்லிட்டாங்கண்ணா."

ஆகும். என்ன ஆகும் என்பது எளிய கணக்கு. ஸ்பீடாமீட்டருக்குச் சாலை தெரியாது. சக்கரமோ அதோடு சேர்ந்த அச்சோ சுற்றும் சுற்றை மட்டும்தான் அது எண்ணுகிறது. டயர் பெரிதானால் ஒரு சுற்றில் வண்டி அதிக தூரம் போகும். மீட்டரோ பழைய கணக்கையே சொல்லும். பொலேரோவின் 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர்15 போட்டால் 733 மி.மீ. வித்தியாசம் 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஜிம்னியின் 195/80 ஆர்15-ஐக் கழற்றி அதே 235/75 போட்டால் கிட்டத்தட்ட 6 சதவீதம். முன்பு துல்லியமாக இருந்த மீட்டர் இனி 80 காட்டும்போது வண்டி 85-ஐ நெருங்கியிருக்கும்.

"கம்பெனி மீட்டர் எப்போதும் கூடத்தானே காட்டும்?" என்று சிலர் கேட்பார்கள். பாதி உண்மை. மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது என்பதுதான் விதி. பெரிய டயர் முதலில் விழுங்குவது அந்தப் பாதுகாப்பைத்தான்.

வேகம் மட்டுமல்ல, தூரமும் குறைவாகவே பதிவாகும். கிலோமீட்டர் கணக்கில் வாடகைக்கு ஓட்டுகிறவர் 100 கி.மீ. பில் போட்டால் 104 கி.மீ. ஓட்டியிருப்பார். ஆயில் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும். மலையில் இறங்கும்போது இன்னொன்றும் உண்டு: அதே கியரில் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு குறையும், பிரேக்குக்கு வேலை கூடும். மீட்டரைத் திருத்தினால் இது சரியாகாது.

சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீட்டரைத் திருத்திவிட்டால் டயர் மாற்றம் சட்டப்படி சரியாகிவிடாது. இதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை.

ஆகவே வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில், வாங்கும் முன்பே ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரையும் வண்டிக் கையேட்டையும் பாருங்கள். உங்கள் மாடலுக்கு அதில் உள்ள சைஸ்களுக்குள் நின்றுகொண்டால் தொல்லை பெரும்பாலும் இல்லை. தாண்ட வேண்டுமென்றால் கையேட்டுப் பக்கத்தின் நகலோடு, உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடம் அனுமதி கேட்டு மனு கொடுத்து, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கவுன்டரில் "புரோக்கரைப் பாருங்க" என்றால் நகராதீர்கள். பதிலே வராவிட்டால், "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்து, பழைய டயரைக் கழற்றும் முன்பே அளந்துகொள்ளுங்கள். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியைப் பத்துச் சுற்று உருட்டி, தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். புது டயருக்கும் அதே போல. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் திருத்த வேண்டிய அளவு. பிறகு பைபாஸில் நேரான, மட்டமான இடத்தில் 40, 60, 80-இல் சீராக ஓட்டி, ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடுங்கள். போனைப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பார்க்கட்டும். வளைவும் மரநிழலும் நிறைந்த மலைச்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம்.

திருத்துவது வண்டியைப் பொறுத்தது. கேபிள் மீட்டர் உள்ள பழைய ஜீப்பில், கேபிளின் கியர்ப்பெட்டி முனையில் இருக்கும் சின்ன பினியனை மாற்ற வேண்டும். 18 பல்லுக்குப் பதில் 17 பல் போட்டால் மீட்டர் சுமார் 6 சதவீதம் கூடக் காட்டும். ஏ.பி.எஸ். உள்ள புது வண்டியில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டும் கேளுங்கள். சில மாடல்களில் டயர் அளவைக் கணினியில் மாற்ற முடியும், சிலவற்றில் முடியாது. முடியாது என்றால் ரோட்டோரக் கடையில் ஒயரை வெட்டி மீட்டரைத் திருத்தும் பெட்டி வைக்காதீர்கள். ஏ.பி.எஸ். பிரேக்கும் மீட்டருக்கு வேகம் சொல்லும் அதே சென்சாரை நம்பித்தான் இருக்கிறது.

நான்கு சக்கரமும் ஒரே சைஸாக இருக்கட்டும், ஸ்டெப்னியும் சேர்த்து. முன்னொன்று பின்னொன்றாகப் போட்டு ஃபோர் வீல் டிரைவில் தார்ச்சாலையில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

கடைசியாக, காகிதம். டயர் பில்லில் சைஸ் இருக்க வேண்டும். திருத்திய விவரம் ஜாப் கார்டில் இருக்க வேண்டும். "அதெல்லாம் எழுத மாட்டோம்" என்பார்கள். எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதி, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கே புகார்; ஒரு மாதத்தில் தீராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லாவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது. டயர் கடை ஏமாற்றினால் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கெடு இரண்டு ஆண்டு. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயும் கேட்பது பில்லைத்தான்.

வேகச் சலான் வந்தபின் "மீட்டர் 60-தான் சார் காட்டுச்சு" என்பது பதிலாகாது. மீட்டரைக் கெடுத்தது நீங்கள்.

இன்னொன்று. பழைய டயரை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வராதீர்கள். எஃப்.சி.க்குப் போன இடத்தில் மோட்டார் வாகன ஆய்வாளர் "பழையபடி மாட்டிட்டு வா" என்றால், மறுபடி நான்கு டயர் வாங்க வேண்டியிருக்கும். எல்லாக் காகிதமும் கைக்கு வரும்வரை பழைய டயர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே கிடக்கட்டும்.