பள்ளிக்கூடம் கேட்டு ஒரு வேலைநிறுத்தம்

கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடப்பதை அறிவோம். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை உங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகள் நின்ற வரலாறு திருவிதாங்கூரில் உண்டு. நூறாண்டுகளுக்கு முன்பு அதை நடத்திக் காட்டியவர் அய்யன்காளி.

1863-ல், திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பொதுச்சாலையில் நடக்கவும் அந்தச் சமூகத்துக்குத் தடை. 1893-ல் சொந்தமாக வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, அதே சாலையில் ஓட்டிச் சென்றார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் அடுத்துக் கேட்டது பள்ளிக்கூடம். வெங்ஙானூரில் அவரும் அவர் சமூகத்தாரும் தாங்களாகவே தொடங்கிய பள்ளியை ஆதிக்க சாதியினர் கொளுத்தினார்கள். 1907-ல், தம் மக்களின் உரிமைகளுக்காகச் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று உத்தரவு வந்தது. உள்ளூரில் கதவு திறக்கவில்லை.

அதன் பிறகுதான் வேலைநிறுத்தம். உழவும் நடவும் நின்றன. வயல்களில் களை மண்டியது. நிலக்காரர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. பட்டினி போட்டால் தானாக வழிக்கு வருவார்கள் என்று காத்திருந்தார்கள். அன்றாடக் கூலி நெல்லை நம்பியிருந்த குடிசைகளில் அடுப்பு எரியாத நிலைதான். அய்யன்காளி விழிஞ்ஞம் மீனவர்களிடம் பேசினார். வீட்டுக்கு ஒருவரைக் கடல் தொழிலில் சேர்த்துக்கொள்ள அவர்கள் சம்மதித்தார்கள். வயலில் மறுக்கப்பட்ட சோற்றைக் கடல் கொடுத்தது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த போராட்டம், அரசு தலையிட்டுச் சமரசம் பேசிய பிறகே முடிந்தது.

ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பு அதோடு ஓயவில்லை. பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவரே அழைத்துச் சென்றார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தப் பள்ளி இன்று அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

திருவிதாங்கூரின் மக்கள் பிரதிநிதிகள் அவையான ஸ்ரீமூலம் பிரஜா சபையிலும் உறுப்பினராகி, தம் மக்களின் படிப்புக்காகவும் நிலத்துக்காகவும் அங்கே தொடர்ந்து வாதாடினார். 1937-ல் வெங்ஙானூருக்கு வந்த காந்தியிடம், சாவதற்குள் தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையைச் சொன்னார். 1941-ல் மறைந்தார்.

பள்ளி வாசலைத் திறக்க ஒரு தலைமுறை பசியோடு போராடியிருக்கிறது. கட்டணம் கட்ட முடியாமலோ, சாதி சொல்லி அவமதிக்கப்பட்டோ ஒரு பிள்ளை இன்று படிப்பை நிறுத்தினால், அது அந்த வீட்டுப் பிரச்சினை என்று ஒதுங்க நமக்கு உரிமை இல்லை. ஊரே சேர்ந்து தட்டிக்கேட்க வேண்டிய அநீதி அது.