கத்திரி வெயிலில் களை விதை வெந்துவிடுமா?

'கோடை உழவு கோடி நன்மை' என்று எல்லோரும் சொல்கிறோம். சரிதான். ஆனால், 'சித்திரையில் உழுது போட்டால் களை விதையெல்லாம் வெயிலில் வெந்துபோகும்' என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. காஞ்சிபுரம் பக்கம் எங்கள் ஏரிப் பாசனக் கழனியில் நான் பார்ப்பது வேறு. காயக் காய உழுதால் கோரைக் கிழங்கு சாகிறது. புல் விதை சாகவில்லை. முதல் கோடை மழை விழுந்ததும் மொத்தமாக எழுந்து நிற்கிறது. "உழுது போட்டுட்டுதானே இருந்தேன், அப்புறம் ஏன்ணா இவ்ளோ புல்லு?" என்று பக்கத்துக் கழனித் தங்கச்சி கேட்டது நியாயமான கேள்வி.

காய்ந்த விதை லேசில் சாகாது. ஈரம் குடித்து ஊறிய விதைதான் சூட்டுக்குச் சாகும். கலிபோர்னியாவில் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நெல் வயலில் வரும் குதிரைவாலிப் புல், பருப்புக்கீரை உட்பட ஆறு களைகளின் விதைகளை ஈர மண்ணில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். 60 டிகிரியில் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் செத்தன. 50 டிகிரியில், களையைப் பொறுத்து, சில மணி நேரத்தில் இருந்து நாலைந்து நாள் வரை ஆனது. நம்ம ஊரில் கத்திரி வெயிலில் மேல்மண் 50 டிகிரியைத் தாண்டும்தான். ஆனால் அப்போது அந்த மண்ணில் ஈரம் ஏது?

ஈரமில்லாத சூடு தலைகீழான வேலையைச் செய்கிறது. புதிதாய் உதிர்ந்த புல் விதை பலதும் உறக்கத்தில் இருக்கும், தண்ணீர் கிடைத்தாலும் முளைக்காது. உலர்ந்த சூட்டில் சில வாரம் கிடந்தால் அந்த உறக்கம் கலைகிறது. தகரை மாதிரி தோல் கெட்டியான விதைக்கு, வெயில் தோலில் விரிசல் விட்டு, தண்ணீர் புக வழி செய்கிறது. சூபாபுல் விதையைச் சுடுதண்ணியில் போட்டு எடுத்து விதைக்கிறோம் இல்லையா, அதே கதை.

இன்னொன்றும் உண்டு. பகல் சூட்டுக்கும் ராத்திரிக் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே பல சின்ன விதைகள், தாம் மேல்மண்ணில் இருக்கிறோமா ஆழத்தில் இருக்கிறோமா என்று தெரிந்துகொள்கின்றன. மேலே வித்தியாசம் அதிகம், அரை அடிக்குக் கீழே கொஞ்சம்தான். ஆழத்தில் புதைந்தது முளைக்காமல் காத்துக் கிடக்கும். எத்தனை நாள்? அமெரிக்காவில் மிச்சிகனில் 1879-ல் குப்பியில் போட்டுப் புதைத்த களை விதைகளில் ஒரு வகை, 2021-ல் எடுத்தபோதும் முளைத்தது. 142 வருஷம்! அதனால்தான், விதை கொட்டிய கழனியை ஆழப் புரட்டாதீர்கள் என்கிறேன். இன்றைக்குப் புதைப்பது பேரன் காலத்து உழவில் மேலே வரும்.

நடவு வயலில் தண்ணீர் கட்டுவதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. மண்ணுக்குக் காற்று போகாமல் தடுப்பதோடு, பகல் இரவு வித்தியாசத்தையும் தண்ணீர் குறைத்துவிடுகிறது. மேடு பள்ளம் இல்லாமல் பரம்படித்து, இரண்டு அங்குலம் நின்றாலே புல் அடங்கும். மேட்டுத் திட்டில் மட்டும் புல் பச்சையாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பக்கம் நவரை அறுத்த பிறகு, ஏரியில் தண்ணீர் இருந்தால் சொர்ணவாரி. இல்லையென்றால் ஆடி வரை கழனி சும்மாதான் கிடக்கும். அந்த இடைவெளிதான் களைக்கு எதிரான நம்ம காலம். சித்திரையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, ஒன்பது கலப்பை போட்டுக் கோரைக் கிழங்கை வெயிலுக்குக் கொண்டு வாங்க. கிழங்கு சாவது காய்ந்துபோவதால். ஈரத்தில் ரோட்டவேட்டர் ஓட்டினால் சங்கிலியாய்க் கோத்திருக்கும் கிழங்கு துண்டுதுண்டாகி, உறங்கின மொட்டும் முளைத்துக்கொள்ளும். அது கோரை நடுகிற வேலை.

அப்புறம் கோடை மழைக்குக் காத்திருங்க. வெயில் உறக்கம் கலைத்த விதையெல்லாம் அந்த ஈரத்துக்கு முளைக்கும். முளைக்கட்டும். பத்துப் பன்னிரண்டு நாளில், இரண்டு மூன்று இலை விடும்போது, மேலாக ஓட்டி அழித்துவிடுங்க. அடுத்த மழைக்கு மறுபடியும். கிணறு உள்ளவர்கள் மழைக்குக் காத்திருக்காமல் ஒரு தண்ணீர் கட்டலாம். இரண்டு தரம் இப்படிச் செய்த கழனியில் சம்பா களையெடுப்பு ஆள் கணிசமாய்க் குறைகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன் காலையிலேயே ஊரில் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற காலத்தில், இது சின்ன விஷயம் இல்லை. களைக்கொல்லிக் கடைப் பக்கம் நம்மவர்கள் திரும்பிப் பார்ப்பதே களையெடுக்க ஆள் கிடைக்காத அந்த ஒரு வாரத்தில்தான்.

நாற்றங்காலுக்கு மட்டும் மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஓரம் மூடி நாலு முதல் ஆறு வாரம் போடலாம். 1976-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எழுதிய முறை இது. ஈரமும் சூடும் சேருவதால் விதை சாகும். கோரை மட்டும் தாளைக் குத்திக்கொண்டே வரும். ஏக்கர் கணக்கில் பிளாஸ்டிக் விரிக்க எனக்கு மனசு வரவில்லை.

எருக்குழியையும் பாருங்க. மாடு தின்ற புல் விதை பல, சாணியில் உயிரோடுதான் வருகிறது. ஈரமாய்க் குவித்து, கை வைக்க முடியாத சூடு ஏறியதும் புரட்டி, ஓரத்தில் இருப்பதை நடுவுக்குத் தள்ள வேண்டும். காய்ந்து வெளுத்த ஓரத்து எருவை அப்படியே கழனியில் கொட்டினால், புல்லையும் சேர்த்து விதைத்த மாதிரிதான்.