மொழிப்போரில் இனமும் கல்வியும்: திருச்சிராப்பள்ளியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழில் ‘இனம்’ என்னும் சொல் பிறப்பால் அமைந்த குழுவையும் மொழியால் அமைந்த மக்களையும் ஒருசேரக் குறிக்கும். அமெரிக்கக் கறுப்பின அரசியல் அறிஞர் மார்கரீட் ராஸ் பார்னெட், தென்னிந்தியப் பண்பாட்டுத் தேசியம் குறித்து 1976இல் வெளியிட்ட நூலில், சமூகச் சீர்திருத்தத்தை முதன்மைப்படுத்திய திராவிடக் கருத்தியல் தமிழ்ப் பண்பாட்டுத் தேசியமாக மாறியதை ஆராய்ந்தார். அம்மாற்றத்தைத் திருச்சிராப்பள்ளியின் மொழிப்போர் நிகழ்வுகளிலும் காணலாம்.

பிறப்பும் பள்ளியும்

திருவரங்கத்து அக்ரகாரங்களும் உறையூர் நெசவாளர் தெருக்களும் காவிரியின் இருபுறம் அருகருகே இருந்தவை. எனினும், ஆங்கிலக் கல்வியிலும் அரசுப் பணியிலும் மாகாணமெங்கும் பிராமணரே முந்தியிருந்தனர். இச்சூழலில், 1938 ஏப்ரலில் இராஜாஜி அரசு 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. அவ்வாணையை ஆரிய மேலாண்மையின் தொடர்ச்சியாகவே சுயமரியாதை இயக்கத்தார் கண்டனர். ஆகஸ்டு 1ஆம் நாள் திருச்சியிலிருந்து நடைப்பயணமாகப் புறப்பட்ட தமிழர் படை 42 நாளில் சென்னையை அடைந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அப்படையை வழிநடத்தியோருள் ஒருவர். இக்கட்டத்தில் இனம், மொழி, கல்வி வாய்ப்பு ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையாக நின்றன.

இரு வழிகள்

விடுதலைக்குப் பின் இக்கோரிக்கை இரண்டாகப் பிரிந்தது. கல்லூரி இடங்களுக்கான வகுப்புவாரி ஆணை செல்லாதென உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிகழ்ந்த முதல் அரசியலமைப்புத் திருத்தம் இடஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. இவ்வாறு கல்வி வாய்ப்புச் சட்டத்தின் பொருளாயிற்று. மொழியோ வீதிப் போராட்டத்தின் பொருளாக நீடித்தது. 1964 சனவரி 25இல் கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சித் தொடர்வண்டி நிலையத்தில் தீக்குளித்தார். ஓராண்டுக்குப்பின் கல்லூரி மாணவர் தமிழகமெங்கும் திரண்டனர். அவர்களை இணைத்தது பிறப்பன்று, மொழியே. மத்திய அரசுத் தேர்வுகள் இந்தியில் அமையுமாயின் தம் வேலைவாய்ப்புக் குறையும் என்னும் அச்சம் எல்லாச் சாதி மாணவர்க்கும் பொதுவாயிருந்தது.

முடிவுரை

பிறப்பை அளவுகோலாகக் கொண்ட இன அடையாளம் சிலரை விலக்கியது; மொழி அடையாளம் பலரையும் உள்ளடக்கியது. போராட்டத்தின் வலிமைக்கு அதுவே காரணம். ஆயினும், ஒரே மொழியைப் பேசுவோரிடையே நிலவிய கல்வி ஏற்றத்தாழ்வு அவ்வொற்றுமையால் நீங்கிவிடவில்லை. ஆகவே, மாணவர் போராட்டங்களை ஆராய்வோர், போராடியவர் எம்மொழிக்காக நின்றனர் என்பதோடு, கல்லூரியை அடைய இயலாமல் வெளியே நின்றவர் யாவர் என்பதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.