டயரும் ஒரு பற்சக்கரமே!

உங்கள் தம்பியின் சின்னஞ்சிறு சைக்கிளை எப்போதாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மிதித்தவுடன் கிளம்பிவிடும், ஆனால் கால்கள் ஓயாமல் சுழன்றாலும் தூரம் கழியாது. அப்பாவின் பெரிய சைக்கிளிலோ கிளம்பும்போது ஊன்றி மிதிக்க வேண்டும். ஓடத் தொடங்கியபின் ஒவ்வொரு மிதிக்கும் நெடுந்தூரம் போகலாம். இந்த வேறுபாட்டுக்குச் சக்கரத்தின் அளவு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்போர் பலர் இதே கணக்கைத்தான் போட வேண்டியிருக்கிறது.

பிக்கப் என்பது முன்னால் ஓட்டுநர் அறையும், பின்னால் திறந்த சரக்குத் தட்டும் கொண்ட சிறிய லாரி. பண்ணை வேலைக்கும், பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுக்கவும், குடும்பத்தோடு ஊர் சுற்றவும் அங்கே அது பயன்படுகிறது. யூட்டா மாநிலத்தில் மோவாப் என்னும் ஊரைச் சுற்றியுள்ள பாறைப் பாதைகளில் ஓட்ட விரும்புவோர், வண்டியோடு வந்த டயர்களைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர்களை மாட்டுவதுண்டு. காரணம் எளியது. சக்கரங்களைத் தாங்கும் இருசு, பாறையில் இடிக்காமல் உயர்ந்து நிற்க வேண்டும். ஸ்பிரிங்குகளை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் உயரும். ஒரே தண்டாக அமைந்த இருசு உயராது. அதை உயர்த்த வேண்டுமானால் டயர்தான் பெரிதாக வேண்டும்.

டயர் பெரிதாகும்போது வேறு என்னென்ன மாறுகின்றன? அதைத்தான் இங்கே காணப்போகிறோம்.

டயரின் மேல் எழுதியிருப்பது

ஒரு பிக்கப்பின் டயரில் 265/70 ஆர் 17 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது, டயர்ச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம் என்பதைக் குறிக்கிறது, அதாவது 185.5 மி.மீ. ஆர் என்பது டயரின் உள்ளமைப்பு ரேடியல் வகை என்பதற்கு அடையாளம். 17 என்பது நடுவிலுள்ள உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில், அதாவது 431.8 மி.மீ. வளையத்துக்கு மேலும் கீழும் டயர்ச் சுவர் இருப்பதால், மொத்த விட்டம் 431.8 + 185.5 + 185.5 = 802.8 மி.மீ. ஆகும்.

இதற்குப் பதிலாக 315/70 ஆர் 17 டயரை மாட்டினால் விட்டம் 872.8 மி.மீ. ஆகிவிடும். கணக்கை நீங்களே சரிபார்த்துக் கொள்ளுங்கள். விட்டம் 70 மி.மீ. கூடியது; ஆனால் இருசு உயர்வது அதில் பாதியான 35 மி.மீ. மட்டுமே. விகிதப்படி பார்த்தால் டயர் 1.087 மடங்கு, அதாவது ஏறக்குறைய 9 சதவீதம் பெரிதாகியிருக்கிறது.

இழுவிசை குறைவது ஏன்?

எஞ்சினின் சுழற்சி முதலில் கியர் பெட்டிக்கும், அங்கிருந்து நீண்ட தண்டின் வழியாகப் பின் இருசுக்கும் வருகிறது. அங்கே பினியன் என்னும் சிறு பற்சக்கரம், கிரௌன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பினியனில் 11 பற்களும் கிரௌனில் 41 பற்களும் இருந்தால், பினியன் 3.73 முறை சுற்றும்போது கிரௌன் ஒரு முறை சுற்றும். இந்த 3.73 என்பதே இருசு விகிதம். வேகம் இத்தனை மடங்கு குறைவதால், திருப்புத்திறன் இத்தனை மடங்கு கூடுகிறது.

எஞ்சின் 400 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் தருகிறது என்றும், கியர் பெட்டி அதை மாற்றாமல் அப்படியே கடத்துகிறது என்றும், உராய்வு இழப்பு இல்லை என்றும் கொள்வோம். அப்படியானால் இருசில் கிடைப்பது 400 × 3.73 = 1492 நியூட்டன் மீட்டர். இதைச் சக்கரத்தின் ஆரத்தால் வகுத்தால் தரையில் கிடைக்கும் இழுவிசை தெரியும். பழைய டயரின் ஆரம் 0.401 மீட்டர், இழுவிசை சுமார் 3720 நியூட்டன். புதிய டயரின் ஆரம் 0.436 மீட்டர்; இழுவிசை சுமார் 3420 நியூட்டன். பற்சக்கரங்கள் எதையும் நாம் தொடவில்லை. ஆயினும் 300 நியூட்டன் குறைந்துவிட்டது! டயரே கடைசிப் பற்சக்கரம் போல வேலை செய்கிறது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இந்த 300 நியூட்டன் பெரிய விஷயமா? கொலராடோ மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை, கடல் மட்டத்துக்கு மேல் 11,000 அடிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. அதை நோக்கி ஏறும் நெடுஞ்சாலையில் 100 அடிக்கு 6 அடி வீதம் உயரும் ஏற்றங்கள் உண்டு. நமது பிக்கப்பும் அது இழுக்கும் வண்டியும் சேர்ந்து 5000 கிலோ என்று கொண்டால், அத்தகைய ஏற்றத்தில் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை 5000 × 9.8 × 0.06 = 2940 நியூட்டன். காற்றின் தடைக்கும் டயர் உருளும் தடைக்கும் 700 நியூட்டன் சேர்த்தால் 3640 ஆகிறது. பழைய டயரில் வண்டி அதே கியரில் ஏறிவிடும். புதிய டயரில் ஏறாது. வேகம் குறைந்துகொண்டே வரும். ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இழந்ததை மீட்பது எப்படி?

டயர் 1.087 மடங்கு பெரிதானால், இருசு விகிதத்தையும் அதே மடங்கு பெரிதாக்க வேண்டும். 3.73 × 1.087 = 4.05. பற்களின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்க முடியும்? ஆகவே விரும்பிய விகிதமெல்லாம் கிடைக்காது. அருகிலுள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 41 பல் கிரௌனுடன் 10 பல் பினியன் சேர்ந்தால் 4.10 கிடைக்கிறது. இப்போது இழுவிசை 400 × 4.10 ÷ 0.436, அதாவது சுமார் 3760 நியூட்டன். இழந்தது திரும்பிவிட்டது.

41 என்பது பகா எண் என்பதைக் கவனித்தீர்களா? 41க்கும் 10க்கும் பொதுக் காரணி இல்லாததால், பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரௌனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமல் பரவுகிறது.

நான்கு சக்கரங்களையும் எஞ்சின் ஓட்டும் வண்டியானால் முன் இருசையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன்னே 3.73, பின்னே 4.10 என்றிருந்தால், முன்சக்கரங்கள் ஒரு வேகத்திலும் பின்சக்கரங்கள் வேறு வேகத்திலும் ஓட முயலும். உறுதியான சாலையில் டயர்கள் தேயும், பற்சக்கரங்களும் உடையக்கூடும்.

மீட்க முடியாதவை

பற்சக்கரம் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். பிரேக்கை நினைத்துப் பாருங்கள். அது பினியனுக்கு முன்னால் இல்லை, சக்கரத்திலேயே இருக்கிறது. ஆகையால் இருசு விகிதம் என்னவானாலும் பிரேக்கின் திருப்புத்திறன் மாறாது. ஆரம் மட்டும் கூடியிருப்பதால், அதே அழுத்தத்துக்குத் தரையில் கிடைக்கும் தடைவிசை 8 சதவீதம் குறைகிறது.

வேகமானியும் ஏமாற்றும். அது சக்கரத்தின் சுற்றுகளை எண்ணி வேகத்தைச் சொல்கிறது என்று கொள்வோம். பெரிய டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகத் தூரம் போவதால், முள் 60 மைல் காட்டும்போது வண்டியின் உண்மை வேகம் 65 மைல். பற்சக்கரம் மாற்றினாலும் இந்தப் பிழை தீராது. வண்டியின் கணினிக்குப் புதிய டயர் அளவைத் தெரிவிக்க வேண்டும். கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து வேகத்தை அளக்கும் வண்டிகளில் மட்டும், இருசு விகித மாற்றம் இப்பிழையையும் ஏறக்குறைய சரிசெய்துவிடும்.

இவ்விரண்டு குறைகளையும் சேர்த்துப் பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 60 என்று நம்பி 65இல் ஓடும் வண்டியில் அது 18 சதவீதம் அதிகம். தடைவிசையோ 8 சதவீதம் குறைவு. ஆக, பிரேக்கை முன்போலவே அழுத்தினால், நிற்பதற்கு ஏறக்குறைய 28 சதவீதம் அதிகத் தூரம் ஓடும். முன்பு 50 மீட்டரில் நின்ற வண்டி இப்போது 64 மீட்டரில் நிற்கும். அந்த 14 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஒருவர் இருந்தால்? 35 மி.மீ. உயரத்துக்கு இது பெரிய விலை. அதனால்தான் டயரை மாற்றும் நாளிலேயே வேகமானியையும் பிரேக்கையும் கவனிக்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

பிக்கப் இல்லையே என்று வருந்த வேண்டாம், சைக்கிள் போதும். பெடலோடு சுழலும் பற்சக்கரத்தின் பற்களையும், பின்சக்கரத்துப் பற்சக்கரத்தின் பற்களையும் எண்ணுங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். பின் டயரில் சாக்கட்டியால் கோடிட்டு, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் உருளுகிறது என்று தரையில் அளந்து, அந்த ஈவோடு பெருக்குங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு நீங்கள் செல்லும் தூரம் இதுவே. தம்பியின் சைக்கிளுக்கும் இதைச் செய்யுங்கள். அது ஏன் எளிதில் கிளம்பியது, ஏன் தூரம் கழியவில்லை என்பதற்கு விடை உங்கள் கையிலேயே இருக்கும்.