விடுவதற்கும் தடுப்பதற்கும் ஒரு சொல்

ஆங்கிலங் கற்கும் மாணவன் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் வினைச்சொற்களுள் 'லெற்' என்பதும் ஒன்று. மூன்றே எழுத்துக்களாலான சிறு சொல். அதன் பக்கத்திலே 'விடு', 'அனுமதி' என்று பொருளெழுதி, மனனஞ் செய்துகொண்டு அவன் மேலே செல்கின்றான். பின்னொரு நாள், 1611ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பை அவன் விரித்துப் பார்க்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். உரோமருக்கு எழுதிய திருமுகத்தின் முதலாம் அதிகாரத்திலே, தாம் அவர்களிடம் வருவதற்குப் பலமுறை எண்ணியதாகவும், இதுவரை 'லெற்' செய்யப்பட்டதாகவும் பவுல் கூறுகின்றார். அனுமதி பெற்றவர் ஏன் போகவில்லை? மாணவன் திகைக்கின்றான். அவன் மனனஞ் செய்த பொருள் அங்கே பொருந்தாதது மட்டுமன்று, கருத்தையே தலைகீழாக்கிவிடுகின்றது. தாம் தடுக்கப்பட்டதாகவே பவுல் கூறினார்.

விடுவதையும் தடுப்பதையும் ஒரே சொல் குறித்தது எங்ஙனம்? உண்மையிலே இவை இரண்டு சொற்கள். பழைய ஆங்கிலத்திலே 'லேற்றன்' என்றொரு வினை இருந்தது; விடுதல் என்பது அதன் பொருள். 'லெற்றன்' என மற்றொரு வினையும் இருந்தது. தாமதப்படுத்துதல், தடுத்தல் என்பன அதன் பொருள்கள். தாமதத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'லேற்' என்ற சொல் இந்த இரண்டாவது வினைக்கு உறவாகும். காலப்போக்கில் இவற்றின் ஈறுகள் தேய்ந்தன. நெடிலுங் குறிலுமாயிருந்த வேறுபாடும் மறைந்தது. இரண்டும் ஒரே ஒலியாயின. சேக்ஸ்பியரின் 'ஹாம்லெற்' நாடகத்திலே, தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசனை நண்பர்கள் பிடித்து நிறுத்துகின்றனர். தன்னை 'லெற்' செய்பவனைக் கொன்றுவிடுவதாக அவன் அச்சுறுத்துகின்றான். தன்னைப் போக விடுபவனையன்று, தடுப்பவனையே அவன் கருதினான்.

எதிர்ப்பொருள் தரும் இரு சொற்கள் ஒரே உருவத்தில் நெடுங்காலம் வாழ்தல் அரிது. அவற்றுள் தடுத்தலைக் குறித்தது பையப் பைய வழக்கொழிந்தது. 1952ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த திருத்திய விவிலியப் பதிப்பின் முன்னுரை, பொருள் மாறிய பழஞ் சொற்களுக்கு எடுத்துக்காட்டாக இதனையும் குறிப்பிடுகின்றது. ஆயினும் அச்சொல் முற்றாக மறைந்துவிடவில்லை. பிரித்தானியக் கடவுச்சீட்டிலே, அதனை உடையவர் 'லெற்' இன்றிச் சுதந்திரமாகச் செல்ல இடமளிக்குமாறு வேண்டும் வாசகம் இன்றும் உண்டு. 'அனுமதியின்றி' என்று அதனை மொழிபெயர்ப்பவர், பயணியின் பாதுகாப்புக்காக எழுதிய வாசகத்தையே அவருக்கு எதிராகத் திருப்பியவராவார். ரெனிஸ் ஆட்டத்திலும், தொடக்க அடியாக அடிக்கும் பந்து வலையிலே பட்டு உரிய கட்டத்தினுள் விழுந்தால் 'லெற்' என்பார்கள். வலை தடுத்தது என்பதே கருத்து; அவ்வடி மீண்டும் அடிக்கப்படும்.

இனி, வாழ்கின்ற சொல்லைப் பார்ப்போம். விடுதல் என்ற பொருளிலே அது தமிழுக்கு மிகவும் நெருங்கியது. வீட்டுக்காரர் வீட்டை வாடகைக்கு 'விடுகின்றார்'. ஆங்கிலேயரும் அவ்விடத்தில் 'லெற்' என்றே சொல்வர். நம்பியவரைக் கைவிடுதலும், வாணம் விடுதலும், பெய்த மழை விடுதலும் இச்சொல்லோடு ஒவ்வோர் இடைச்சொல்லைச் சேர்ப்பதனால் ஆங்கிலத்திலே பெறப்படும். இந்த ஒற்றுமையே மாணவனை ஏமாற்றவும் செய்யும். எங்கும் 'விடு' என்று எழுதிவிடலாமென அவன் எண்ணிவிடுவான்.

'லெற் அஸ் கோ' என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். சிறைப்பட்டவர்கள் காவலரை நோக்கிச் சொன்னால், 'எங்களைப் போக விடுங்கள்' என்பது பொருள். நண்பர்கள் தமக்குள்ளே சொன்னால், 'நாம் போவோம்' என்பது பொருள். முன்னதிலே கேட்பவர் சேரவில்லை, பின்னதிலே சேர்ந்துள்ளார். தமிழிலே 'நாங்கள்', 'நாம்' என்ற வேறுபாடு இதனைத் தெளிவாக்கும். ஆங்கிலத்திலே 'அஸ்' ஒன்றே இரண்டுக்கும் உரியது. ஆயினும் ஒரு குறிப்பு உண்டு: இரு சொற்களையும் சுருக்கி 'லெற்ஸ்' என்று கூறினால், அது நண்பர் அழைப்பாகவே இருக்கும், கைதியின் வேண்டுகோளாக இராது.

மற்றொரு பயனும் உண்டு. தமிழிலே 'வாழ்க', 'வருக', 'என்க' என வியங்கோள் வினை தனி உருவம் பெற்றுள்ளது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் அவ்வேலையைச் செய்வது 'லெற்' என்பதே. கேத்திர கணிதத்திலே ஓர் உருவத்தை முக்கோணமாகக் கொள்க என்பதற்கும் இச்சொல்லே தொடக்கமாகும். அங்கே எவரும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இலக்கணத்திலும் கவனம் வேண்டும். இதற்குப் பின்வரும் வினையோடு 'ரு' என்ற சொல் சேராது. அனுமதியைக் குறிக்கும் 'அலோ' என்பதற்குப் பின்னரோ அது சேரும். இறந்த காலத்திலும் 'லெற்' உருவம் மாறுவதில்லை. ஆகவே, காலத்தையும் தொடரின் ஏனைய சொற்களைக் கொண்டே பல வேளைகளில் அறிதல் வேண்டும்.

காலம், பொருள், கேட்பவர் சேர்ந்தாரா இல்லையா என்பது ஆகிய மூன்றையும் இச்சொல் தனித்து நின்று காட்டமாட்டாது. அயலிலுள்ள சொற்களும் சொல்லப்படும் சூழ்நிலையுமே காட்டும். ஆதலால், சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை எழுதி மனனஞ் செய்வதைவிட, அச்சொல் வரும் வாக்கியத்தை முழுதாக எழுதிப் பழகுதல் மாணவனுக்குப் பெரிதும் பயன்தரும். அப்படிப் பழகியவன், பவுலின் திருமுகத்தை விரித்தபோது, 'எண்ணினார், ஆயினும் வரவில்லை' என்ற குறிப்பிலிருந்தே அது தடையைச் சுட்டுகின்றது என்பதைத் தானாகவே உணர்ந்திருப்பான்.