பகடை மேசையில் வில்லும் அம்பும்

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, அவருள் ஒருவர் கதை நடத்த, ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனை வீரனது வேடத்தை ஏற்று, அவன் செய்வதை வாயினாற் சொல்லி, செய்தது பலித்ததா என்பதைப் பகடை உருட்டித் தீர்க்கும் ஒருவகை விளையாட்டு 1974-ம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் அச்சேறி வெளிப்போந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் இயற்றிய அதற்கு ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது பெயர். அதன் வழியே அவ்வினத்து விளையாட்டுகள் பின்னர்ப் பல தோன்றின. அச்சிட்ட விதிநூல் உண்டெனினும், அவ்வம்மேசையார் தமக்கு ஒவ்வாத விதியை ஒதுக்கித் தாமே ஒன்றை வகுத்துக்கொள்ளுதலும் இவ்விளையாட்டில் வழக்கம். அத்தகையவற்றை வீட்டு விதிகள் என்பர். வில்லைக் குறித்து எம் மேசையில் எழுந்த வழக்கொன்றையும், அதனைத் தீர்க்கப் புகுந்து யாம் முதலில் தோற்ற கதையையும், பின்னர் நிலைபெற்ற விதிகளையும் ஈண்டு எடுத்துரைப்போம்.

வழக்கின் மூலம் இது. இவ்விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் உடல்வலிமை, கைவிரைவு முதலிய ஆறு குணங்கள் எண்களாற் குறிக்கப்படும். 10 என்பது சாமானிய மனிதனது அளவு. 18 என்பது மிக உயர்ந்தது. பெருவாளையோ கோடரியையோ வீசுவோனுக்கு உடல்வலிமை துணைநிற்கும். வில் எய்வோனுக்கோ, 2014-ம் ஆண்டுப் பதிப்பின்படி, குறி தப்பாமைக்கும் அம்பு விளைக்கும் காயத்திற்கும் கைவிரைவு ஒன்றே துணை. ஆயுத அட்டவணையில் நெடுவில்லின் நிறை இரண்டு இராத்தல் என்று அச்சிட்டிருத்தலைக் காண்போர், இரண்டு இராத்தல் மரத்தைக் கையாள வலிமை எதற்கு என்று எண்ணுதல் இயல்பே.

எம் நண்பர் ஒருவர் எல்ஃப் இனத்து வில்லாளன் ஒருவனை ஈராண்டாக ஆடி வந்தார். அவ்வில்லாளனது வலிமை எண் 8. அதாவது, நீர்க்குடம் தூக்கவும் பிறரை அழைக்க வேண்டியவன். ஆயினும் பகைவர் எம்மை அணுகுமுன்னரே அவனுடைய அம்புகளால் மடிவர். கோடரி வீரனை ஆடிய மற்றொரு நண்பர் ஓடிக் களத்தை அடையும்போது அங்கே பிணங்களே கிடக்கும். ஒருநாள் அவர் பகடையை மேசைமேல் வைத்துவிட்டு, “என் வீரனுக்கு வலிமை 18. அவன் அந்த வில்லை எடுத்தால் இந்த நோஞ்சானைவிட இழிவாக எய்கிறான். இது என்ன நியாயம் ஐயா?” என்றார். வில்லாளரோ, “விதிநூலில் உள்ளபடியே ஆடினேன், என்மேல் என்ன குற்றம்?” என்றார். இருவர் கூற்றும் உண்மையே. அன்று ஆட்டம் பாதியில் நின்றது.

அந்த வாரம் முழுதும் மெய்யான வில் எத்தகையது என்று தேடிப் படித்தோம். இங்கிலாந்தின் அரசர் எட்டாம் ஹென்றியின் ‘மேரி ரோஸ்’ என்னும் போர்க்கப்பல் 1545-ம் ஆண்டில் போர்ட்ஸ்மத் துறைக்கு அணித்தாக மூழ்கிற்று. 1982-ல் அதன் உடலைக் கடலினின்றும் உயர்த்தினார்கள். அதனுள்ளும் அதனைச் சுற்றியும் நூற்றுக்கு மேற்பட்ட விற்களும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. யூ என்னும் மரத்தாலாகிய அவ்விற்கள் ஆளுயரத்துக்கு மேற்பட்டவை. அவற்றை முழுதும் வளைக்க 100 முதல் 185 இராத்தல் வரை இழுவிசை வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இக்காலத்து ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் கொள்ளும் வில்லின் இழுவிசையோ ஏறக்குறைய 50 இராத்தல். நிறை இரண்டு இராத்தல்தான். ஆயின் ஒவ்வோர் அம்புக்கும் அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கும் பிரயாசை வேண்டுமென்க. அக்கப்பலில் இறந்தோருடைய எலும்புகளிற் சிலவற்றின் தோள்மூட்டு, இளமை தொட்டுப் பெருவில் வளைத்தோர்க்கு உண்டாகத்தக்க மாறுதலைக் காட்டுகின்றது என்று ஆராய்ந்தோர் கருதினர்.

பிஷப் லாட்டிமர் 1549-ம் ஆண்டில் இளவரசராயிருந்து அரியணை ஏறிய ஆறாம் எட்வர்டின் முன்னிலையில் நிகழ்த்திய பிரசங்கம் ஒன்றிலே, தம் தந்தையார் தமக்கு விற்பயிற்சி அளித்த வகையைக் கூறியிருக்கிறார். கையின் பலத்தால் அன்றி உடம்பு முழுவதன் பலத்தாலும் வில்லை வளைக்கக் கற்பித்தாராம். வயதும் வலுவும் ஏற ஏற வில்லையும் பெரிதாக்கிக் கொடுத்தாராம். இதைப் படித்தபோது எம் கோடரி நண்பரது வாதமும் பாதி வீழ்ந்தது. வலிமை இன்றியமையாததே, ஆயினும் வலிமை மாத்திரம் போதாது. மல்லன் ஒருவன் திடீரெனப் பெருவில்லை எடுத்தால் அதனைக் காதளவும் இழுத்தல் அரிது. 1363-ம் ஆண்டில் மூன்றாம் எட்வர்ட் அரசர் விழாநாட்களில் மக்கள் விற்பயிற்சி செய்ய வேண்டும் என்று ஆணையிட்டதன் காரணமும் இதனால் விளங்கும்.

பழங்கதை கேட்ட நம்மவர்க்கு இது புதுமையன்று. சீதையின் மணத்திற்கு வைத்த பந்தயம் குறிபார்த்து எய்தலன்று, வில்லை நாணேற்றுதலே. யவன கவி ஹோமர் பாடிய ஒடிஸ்ஸியூஸின் கதையிலும், அவன் வில்லை நாணேற்ற மாட்டாமல் அவன் மனைவியை மணக்க வந்தோர் தலைகுனிந்தனர். ‘நாணேற்றுதல்’ எனத் தனியே ஒரு சொல் நம்மிடம் வழங்குவதும் கருதத்தக்கது. எப்போதும் நாணேற்றியே வைத்த வில் தன் விசையை இழக்கும். ஆதலின் வேண்டும்போதே நாண் ஏற்றுவர். எம் வில்லாளனோ உறங்கும்போதும் உண்ணும்போதும் நாணேற்றிய வில்லைத் தோளில் மாட்டியிருந்தான்!

காலக்கணக்கும் எம்மை வியப்பித்தது. இவ்விளையாட்டில் போரின் ஒரு சுற்று ஆறு வினாடி. தேர்ச்சி மிக்க போர்வீரன் உச்சநிலையில் ஒரு சுற்றில் நான்கு முறை எய்யலாம். நிமிஷக் கணக்கில் அது நாற்பது அம்பு. மெய்யான போர்வில்லில் நிமிஷத்துக்குப் பத்து அம்பு எய்தலே பெருமுயற்சி. சில நிமிஷம் தொடர்ந்து எய்வதாயின் அதுவும் குறையும். சினிமாப் படங்களில் சேனாபதி கையை உயர்த்தி நிற்க, வீரர் அனைவரும் நாணை இழுத்தபடி நெடுநேரம் காத்திருப்பதைக் காண்கிறோமே, 150 இராத்தல் வில்லில் அது கைகூடாது. ஆங்கிலப் படங்களில் அச்சேனாபதி துப்பாக்கிக்கு உரிய சொல்லையே கூவுவதும் நகைப்புக்கு இடமாம். தமிழில் அம்பை எய்கிறோமேயன்றிச் சுடுவதில்லை.

தூரத்தைப் பற்றிய விதியில் மட்டும் யாம் எதிர்பார்த்ததற்கு மாறாகக் கண்டோம். விதிநூல் நெடுவில்லுக்கு 150 அடி வரை இயல்பாகவும், 600 அடி வரை இடர்ப்பாட்டுடனும் எய்ய இடந்தருகிறது. 1541-ம் ஆண்டில் எட்டாம் ஹென்றி காலத்தில் இயற்றிய சட்டமோ, இருபத்துநான்கு வயதுக்கு மேற்பட்டோர் 220 கெஜத்துக்குக் குறைந்த இலக்கில் பயிலலாகாது என்றது. அது 660 அடி! ஆகவே அம்பு செல்லும் தூரத்தை விதிநூல் மிகுத்துச் சொல்லவில்லை. அவ்வளவு தொலைவில் நடமாடும் ஒரு தனிமனிதனை வீழ்த்தலாம் என்பதே மிகை. வினாடிக்கு ஐம்பது மீட்டர் செல்லும் அம்பு நூறு மீட்டரைக் கடக்க இரண்டு வினாடிக்கு மேலாகும். அதற்குள் ஓடுகிறவன் பத்து மீட்டர் விலகியிருப்பான். 1346-ல் கிரெஸியிலும் 1415-ல் அஜின்கூரிலும் ஆங்கில வில்லாளர் தொலைவில் எய்தது நெருங்கிவந்த பெருங்கூட்டத்தின் மேல். அங்கே ஒருவனைத் தப்பிய அம்பு அடுத்தவனைத் தைக்கும்.

இவ்வளவும் அறிந்தவுடன் ஆர்வம் மிகுந்து முதற்படியாக ஆறு பக்கத்தில் விதிகள் எழுதினோம். காற்று வீசும் திசை, நாணின் ஈரம், அம்புமுனையின் வகை, தோளின் களைப்பு, அம்பறாத்தூணியில் மிஞ்சிய அம்பு என ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. அடுத்த ஆட்டத்தில் பாலமொன்றின் மேல் நிகழ்ந்த சிறு கலகம் மூன்று மணிநேரம் நீண்டது. வில்லாளர் ஒவ்வோர் அம்புக்கும் ஐந்து முறை பகடை உருட்டினார். ஈற்றில் தம் வில்லாளன் வில்லை ஆற்றில் எறிந்துவிட்டான் என்று அறிவித்து, வாய்பேசாது அமர்ந்துவிட்டார். உண்மையைத் தேடப்போன யாம் நண்பரது ஈராண்டு அன்பை அவமதித்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். வழக்குத் தொடுத்த கோடரி நண்பரே, “இந்தக் காகிதங்களைக் கிழித்தெறியும்” என்றார்.

கிழித்தோம். மறுபடி எழுதியபோது, மேசையில் உருட்டும் பகடை முன்னையினும் ஒன்றேனும் மிகலாகாது என்று வரம்பு செய்துகொண்டோம். களைப்பும் காற்றும் அதனால் நீங்கின. கவசத்தைப் பற்றியும் ஒன்றும் எழுதவில்லை. 2019-ம் ஆண்டில் இங்கிலாந்தில் 160 இராத்தல் வில்லால் அஜின்கூர்க் காலத்து மார்க்கவசத்தின் மாதிரியை எய்து பார்த்தபோது அம்புகள் அதனைத் துளைக்கவில்லை. விதிநூலும் முழுக்கவசம் பூண்டவனைத் தைத்தல் அரிது என்றே வைத்திருக்கிறது. ஆதலின் அங்கே எம் திருத்தத்துக்கு வேலையில்லை.

எஞ்சியவை இவை. குறிக்குக் கைவிரைவே துணை என்பதை மாற்றவில்லை. காயத்துக்கு மாத்திரம் அத்துணையை நீக்கி, அதனை வில்லின் இழுவிசையே தீர்மானிக்குமாறு செய்தோம். 50 இராத்தல் வில்லுக்கு வலிமை 10 வேண்டும், காயம் ஆறுமுகப் பகடை. 80 இராத்தலுக்கு 13, எட்டுமுகப் பகடை. 110-க்கு 15, பன்னிருமுகப் பகடை. 150-க்கு 18, எட்டுமுகப் பகடை இரண்டு. விற்பயிற்சி இல்லாதவன் தன் வலிமை எண்ணில் நான்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். கோடரி வீரனுக்கு இவ்விதி பொருந்தும். வலிமை போதாதவன் இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டித் தாழ்ந்ததைக் கொள்க. சிறியவை இரண்டில்தான் ஒரு சுற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட அம்பு எய்யலாம்; பெரியவற்றில் ஒன்றே. நாணேற்ற ஒரு சுற்றின் செயல் முழுதும் செல்லும். 150 அடிக்கு அப்பால் நிற்பவன் தன் முறையில் இடம் பெயர்ந்திருந்தால், அவனைத் தனியே குறிவைத்து எய்யலாகாது. பத்துப்பேர் கூடிய கூட்டமாயின் எந்தத் தடையும் இன்றி எய்யலாம், தைப்பது யாரை என்பதைக் கதை நடத்துவோர் சொல்வர். அரைப்பக்கத்தில் முடிந்தது.

இப்பிரிவினையில் எமக்கு மிகவும் உவப்பானது, விரைவையோ வேகத்தையோ தெரிந்துகொள்ளும் உரிமை வில்லாளனிடமே இருப்பது. பழைய பதிப்புகளிலும் இதன் சாயல் உண்டு. 2000-ம் ஆண்டுப் பதிப்பில், பலவீனன் எய்த அம்பின் காயம் குறையும். வலியவனுக்கென இழைத்த கூட்டுவில்லில் அவன் வலிமை காயத்தோடு சேரும். 1986-ல் வெளிவந்த ‘கர்ப்ஸ்’ என்னும் வேறொரு விளையாட்டும் வில்லின் காயத்தை வலிமையோடு பிணைத்தது. யாம் புதிதாய்க் கண்டுபிடித்தது சொற்பமே.

நண்பர் புதியதொரு வில்லை வாங்கினார். வலிமை 8 உடைய எல்ஃபுக்கு 50 இராத்தல் வில்லும் இடர்தான். எனினும் படி உயரும்போதெல்லாம் பிற குணங்களை விட்டு வலிமையையே கூட்டிவந்தார். கதையிலும் தம் வில்லாளன் ஒவ்வொரு விடியலிலும் ஆற்றங்கரையில் இலக்கு நட்டுப் பயில்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓராண்டு கழிந்து, மலைக்கணவாய் ஒன்றில் மழையில் நடந்துசெல்லும்போது பகைவர் எம்மேல் பாய்ந்தனர். 80 இராத்தல் வில் உறையில் இருந்தது; நாண் வில்லாளனது தொப்பிக்குள் உலர்ந்திருந்தது. “நான் நாணேற்றுகிறேன்; ஆறு வினாடி வேண்டும்” என்றார் அவர். கோடரி நண்பர் பகடையைக் கையிலெடுத்துக்கொண்டு, “ஏற்றும் ஐயா, நான் முன்னே நிற்கிறேன்” என்றார்.